ஏர்லி மியூசிக் கன்சார்ட் ஆஃப் லண்டன்: ஒரு மதிப்பீடு

ஏர்லி மியூசிக் கன்சார்ட் ஆஃப் லண்டன், 1967 முதல் 1976 வரை இங்கிலாந்தில் இயங்கிய ஓர் இசைக்குழு. ஐரோப்பாவின் இடைக்கால இசையையும் மறுமலர்ச்சிக் கால இசையையும், அதாவது ஏறத்தாழ 12ஆம் நூற்றாண்டு முதல் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை எழுதப்பட்ட இசையை, அக்காலக் கருவிகளின் மறுஆக்கங்களைக் கொண்டு இக்குழு வாசித்தது. நிறுவியவர் டேவிட் மன்ரோ (1942–1976). அவருடைய மரணத்தோடு குழுவும் முடிந்தது. ஒன்பது ஆண்டுகளே நீடித்த ஒரு குழு, பிறகு வந்த அரை நூற்றாண்டு இசையாய்வில் தொடர்ந்து விவாதிக்கப்படுவதற்குக் காரணம் உண்டு. இக்குழுவின் இசையைக் கேட்டு மகிழ்ந்தவர்களே, 'இது உண்மையில் அக்காலத்தில் ஒலித்த விதம்தானா?' என்று கேட்கத் தொடங்கினார்கள். அந்தக் கேள்விக்குக் கிடைத்த விடைகளில் பல குழுவுக்குச் சாதகமானவை அல்ல.

குழுவுக்கு முன்

பாக் பிறப்பதற்கு முந்தைய ஐரோப்பிய இசை 19ஆம் நூற்றாண்டின் இறுதிவரை பெரும்பாலும் நூலகங்களில்தான் இருந்தது. சுவடிகளைப் படித்துப் பதிப்பித்த அறிஞர்கள் இருந்தார்கள். வாசித்துக் காட்டுவோர் குறைவு. இங்கிலாந்தில் அர்னால்டு டால்மெட்ச் பழைய லூட், வயோல், ரெக்கார்டர் ஆகியவற்றைத் தாமே செய்து வாசித்தார். 1915இல் 17, 18ஆம் நூற்றாண்டு இசையை வாசிக்கும் முறை பற்றி நூல் எழுதினார். 1925இல் ஹாசில்மியர் என்ற ஊரில் இசைவிழா தொடங்கினார். அவருடைய குடும்பமே ஒரு குழுவாக இயங்கியது. ஆனால் பொதுவான கேட்போருக்கு இது ஆர்வலர் சிலரின் வீட்டுப் பொழுதுபோக்காகவே தெரிந்தது. சுருதி சேராமல் வாசித்தாலும், பழையது என்பதற்காகப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம் அரங்கில் இருந்தது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் நிலைமை மாறியது. 1952இல் நோவா கிரீன்பெர்க் நியூயார்க் புரோ மியூசிகாவை நிறுவினார். 1953இல் வியன்னாவில் நிக்கோலஸ் ஹார்னன்கோர்ட் தம் குழுவைத் தொடங்கினார். 1960வாக்கில் மியூனிக்கில் தாமஸ் பிங்க்லியின் ஸ்டூடியோ டெர் ஃப்ரூயன் மியூசிக் உருவாயிற்று. லண்டனில் மைக்கேல் மாரோ நடத்திய மியூசிகா ரெசர்வாட்டா இன்னும் துணிச்சலானது. இடைக்காலப் பாடகர்கள் இன்றைய ஓபராப் பாடகர்களைப் போலப் பாடியிருக்க மாட்டார்கள் என்று கருதிய மாரோ, நாட்டுப்புறப் பாடகர்களின் திறந்த, உரத்த குரலை நாடினார். அக்குழுவில் பாடிய ஜான்டினா நூர்மனின் குரல் கேட்டவர்களை இரண்டு கட்சியாகப் பிரித்தது. மன்ரோவும் அந்தக் குழுவில் ஊதியவர்தான். எனவே மன்ரோ வெற்றிடத்தில் தோன்றியவர் அல்லர். அவரை முன்னோடி என்று மட்டும் சொல்லி நிறுத்தும் கட்டுரைகள் இந்த வரலாற்றை மறைத்துவிடுகின்றன.

மன்ரோ

டேவிட் மன்ரோ 1942 ஆகஸ்டு 12 அன்று பர்மிங்காமில் பிறந்தார். பள்ளி முடித்ததும், கல்லூரிக்குப் போகும் முன்னர், பெரு நாட்டுக்குச் சென்று லிமா நகரில் ஆங்கிலம் கற்பித்தார். திரும்பும்போது தென்னமெரிக்க ஊதுகருவிகளை மூட்டை கட்டிக்கொண்டு வந்தார். கேம்பிரிட்ஜின் பெம்புரோக் கல்லூரியில் அவர் படித்தது இசை அல்ல, ஆங்கில இலக்கியம். அங்கே ஒரு நண்பரின் அறைச் சுவரில் தொங்கிய கிரம்ஹார்ன் என்ற வளைந்த குழலைப் பார்த்ததுதான் திருப்பம் என்று சொல்லப்படுகிறது. இசை அறிஞர் தர்ஸ்டன் டார்ட் ஊக்கம் அளித்தார்.

பெருவுக்குப் போனது அவருடைய வாழ்க்கைக் குறிப்பில் ஒரு சுவையான செய்தியாகவே பெரும்பாலும் சொல்லப்படும். உண்மையில் அது அவருடைய முறையின் அடிப்படை. ஐரோப்பாவில் வழக்கொழிந்த கருவிகளின் உறவினர்கள் பிற நாடுகளில் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். அவர்கள் எப்படி மூச்சு விடுகிறார்கள், உதட்டை எப்படி வைக்கிறார்கள் என்று பார்த்தால் சுவடி சொல்லாததைக் கொஞ்சம் அறியலாம் என்பது அவருடைய நம்பிக்கை. நூலகத்திலிருந்து தொடங்கியவர்களுக்கும் அவருக்கும் உள்ள வேறுபாடு இதுதான். பிறகு அவர் ராயல் ஷேக்ஸ்பியர் நாடகக் குழுவில் காற்றுக்கருவிக் கலைஞராகப் பணியாற்றினார். மேடையில் ஓர் ஒலி ஒரு நொடியில் பார்வையாளரைப் பிடிக்க வேண்டும் என்ற பாடத்தை அங்கே கற்றிருக்க வேண்டும். அவருடைய இசைத்தட்டுகளில் அந்த நாடகப் புத்தி எங்கும் தெரியும். லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் முற்கால இசை பற்றி விரிவுரையும் ஆற்றிவந்தார்.

குழுவினர்

1967இல் மன்ரோவும் கிறிஸ்டஃபர் ஹாக்வுட்டும் சேர்ந்து குழுவை அமைத்தனர். ஹாக்வுட் விசைப்பலகைக் கருவிகளையும் தாளக் கருவிகளையும் கவனித்தார். ஆலிவர் புரூக்ஸ் வயோல் வாசித்தார். ஜேம்ஸ் டைலர் லூட்டையும் அதன் இனக் கருவிகளையும் வாசித்தார். ஜேம்ஸ் போமன் பாடினார். மன்ரோவின் மனைவி கில்லியன் ரீடும் தாளக் கருவிகளுடன் பங்கேற்றார். நிகழ்ச்சிக்குத் தக்கபடி மற்றவர்கள் வந்து சேர்ந்தார்கள். பெரிய இசைத்தட்டுகளில் இந்தப் பட்டியல் நீளமானது.

இவர்களில் போமனைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். அவர் கவுண்டர்டெனர், அதாவது பெண்குரலின் உயரத்தில் பாடும் ஆண் பாடகர். ஆங்கிலத் தேவாலயப் பாடகர் குழுக்களில் அந்தக் குரல் தொடர்ந்து இருந்துவந்தது. ஆனால் மென்மையாக, ஒதுங்கி ஒலிப்பதே அதன் மரபு. போமனின் குரல் அப்படியல்ல. எக்காளம் போலத் தெளிவும் வலிமையும் கொண்டது. ஷாம் என்ற உரத்த குழலுக்குப் பக்கத்தில் நின்று பாடினாலும் மறையாத குரல் அது. குழுவின் ஒலி என்று இன்று நினைவில் நிற்பதில் பாதி மன்ரோவின் ரெக்கார்டர் என்றால் மறுபாதி போமனின் குரல்.

கருவிகள்

தமிழ் மாணவருக்கு இக்கருவிகளை விளக்க ஒரு வழி உண்டு. ஷாம் என்பது கூம்பு வடிவ மரக்குழல். வாயில் இரட்டை நாணல். மேற்கு ஆசியாவின் சுர்னா வழியாக ஐரோப்பாவுக்குப் போன கருவிக் குடும்பம். நம் நாகசுரமும் வட இந்திய ஷெனாயும் இதே பெருங்குடும்பத்தைச் சேர்ந்தவை. திறந்தவெளியில், ஊர்வலத்தில், அரண்மனை முற்றத்தில் ஊதப்பட்டது என்பதும் நமக்குப் புதிதல்ல.

கிரம்ஹார்ன் வேறு. அதிலும் இரட்டை நாணல் உண்டு. ஆனால் அது ஒரு மரமூடிக்குள் அடைபட்டிருக்கும். நாகசுரக் கலைஞர் சீவாளியை உதட்டால் பிடித்து, அழுத்தத்தை மாற்றி, கமகத்தையும் நுண்சுருதியையும் உண்டாக்குவார். கிரம்ஹார்ன் ஊதுபவரின் உதடு நாணலைத் தொடவே முடியாது. ஒரே அளவு மூச்சு, ஒரே அளவு ஒலி. கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. வீச்சும் ஒரு ஸ்தாயிக்குச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான். இத்தகைய கருவியைக் கொண்டு இசையில் உயிர் கொண்டுவர ஒரே வழி, சுரங்களை எங்கே வெட்டுவது, எங்கே சேர்ப்பது, எவ்வளவு நேரம் நிறுத்துவது என்பதில் இருக்கிறது. மன்ரோவின் திறமை அங்கேதான் இருந்தது. கிரம்ஹார்னை வாத்து கத்துவதாகக் கேலி செய்தவர்களும், அவர் ஊதும்போது அதில் நடனத்தின் துள்ளலைக் கேட்டார்கள்.

இக்கருவிகள் எல்லாம் அருங்காட்சியகத்திலிருந்து எடுக்கப்பட்டவை அல்ல. பெர்லினில் ஓட்டோ ஸ்டெய்ன்கோஃப் போன்ற கைவினைஞர்கள் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் பழைய மாதிரிகளையும் படங்களையும் பார்த்து மறுபடி செய்தவை. மைக்கேல் பிரிட்டோரியஸ் 1619இல் வெளியிட்ட கருவியியல் நூலும், அதற்கு 1620இல் சேர்த்த அளவுகோலுடன் கூடிய படங்களும் அவர்களுக்குப் பெருந்துணை. ஆனால் அந்தப் படங்கள் 1600ஐ ஒட்டிய காலத்தவை. 14ஆம் நூற்றாண்டுக் கருவிகளுக்கு அப்படி ஓர் ஆவணம் கிடையாது. தேவாலயச் சிற்பங்களும் சுவடி ஓரத்துச் சித்திரங்களும்தான் உண்டு. சித்திரக்காரர் கருவியின் துளைகளை எண்ணி வரைந்தார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஆகவே குழு 1600இலிருந்து பின்னோக்கிச் செல்லச் செல்ல, ஆதாரம் மெலிந்து ஊகம் தடிக்கிறது. குழுவின் இசைத்தட்டுகளைக் கேட்கும்போது இந்த ஓர் உண்மையை நினைவில் வைத்துக்கொண்டால் பாதி விமர்சனம் தானே விளங்கும்.

இசைத்தட்டுகள்

முதல் தட்டு 1969இல் வந்த 'எக்கோ லா பிரிமவேரா'. 14ஆம் நூற்றாண்டு ஃபுளோரன்ஸ் நகர இசை. லான்டினி போன்றோரின் பாடல்கள் அதில் உள்ளன. தொடர்ந்து சிலுவைப் போர்க்கால இசை, பேரரசர் மாக்சிமிலியன் அரசவை இசை என்று பல வந்தன. எல்லாவற்றையும் இங்கே பட்டியலிடத் தேவையில்லை. மூன்றை மட்டும் சற்று நெருங்கிப் பார்த்தால் குழுவின் பலமும் பலவீனமும் தெரியும்.

முதலாவது, 1971இல் வந்த 'டூ ரினெய்சான்ஸ் டான்ஸ் பேண்ட்ஸ்'. தட்டின் ஒரு பகுதியில் டீல்மன் சுசாட்டோ 1551இல் ஆன்ட்வெர்ப்பில் அச்சிட்ட நடன இசை. மறுபகுதியில் தாமஸ் மார்லி 1599இல் வெளியிட்ட தொகுப்பை ஒட்டிய ஆங்கில நடன இசை. சுசாட்டோவின் நூல் நான்கு வரிகளில் இசையைத் தருகிறது, எந்தக் கருவி என்று சொல்வதில்லை. எந்தக் கருவியிலும் வாசிக்கலாம். மார்லியின் நூலோ லூட், சிட்டர்ன், பண்டோரா, புல்லாங்குழல், உச்ச வயோல், கீழ் வயோல் என்று ஆறு கருவிகளையும் பெயர் சொல்லிக் குறிக்கிறது. ஆகவே மார்லி பகுதியில் மன்ரோ நூல் சொன்னதைச் செய்கிறார். சுசாட்டோ பகுதியில் தம் விருப்பத்தைச் செய்கிறார். ஷாம், சாக்பட், கிரம்ஹார்ன், ரெக்கார்டர் என்று நடனத்துக்கு நடனம் நிறம் மாறுகிறது. முரசும் சேர்கிறது. சுசாட்டோவின் நூலில் முரசுக்கு ஒரு குறிப்பும் கிடையாது.

விற்பனையிலும் நினைவிலும் வென்றது சுசாட்டோ பகுதிதான். பள்ளி இசைக்குழுக்கள் இன்றும் சுசாட்டோவை வாசிக்கும்போது முரசோடு தொடங்குவது பெரும்பாலும் இந்தத் தட்டின் செல்வாக்கு. ஆனால் மீண்டும் மீண்டும் கேட்கும்போது மார்லி பகுதியே ஆழமானது. ஆறு கருவிகளின் சேர்க்கை ஒருபோதும் மாறுவதில்லை. அந்தக் கட்டுப்பாட்டுக்குள் லூட்டின் விரைவோட்டமும் வயோலின் பெருமூச்சும் மாறிமாறி முன்வருகின்றன. நிறத்தை மாற்றி ஈர்க்க வழியில்லாதபோது மன்ரோவின் குழு இன்னும் நன்றாக வாசித்தது.

இரண்டாவது, 1973இல் மூன்று தட்டுகளாக வந்த 'தி ஆர்ட் ஆஃப் கோர்ட்லி லவ்'. பிரெஞ்சு, பர்கண்டி அரசவைகளின் காதற்பாடல்கள். மஷோவும் அவர் காலத்தவரும் முதல் தட்டில். 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் தாளச் சிக்கலின் உச்சிக்குப் போன புலவர்கள் இரண்டாவதில். டூஃபே, பான்ஷ்வா ஆகியோர் மூன்றாவதில். இரண்டாவது தட்டு குழுவின் மிகப் பெரிய சாதனைகளில் ஒன்று. மூன்று குரல்வரிகள் மூன்று வேறு தாளக்கணக்கில் ஓடி, ஓரிடத்தில் வந்து சந்திக்கும் பாடல்கள் அவை. நம் பல்லவி வித்துவான்களுக்குப் புரியக்கூடிய கணக்கு. அச்சில் படித்தவர்கள் இவற்றை அறிவாளிகளின் விளையாட்டு, பாடுவதற்கு ஆகாதவை என்று ஒதுக்கியிருந்தார்கள். பாட முடியும், கேட்க இனிக்கும் என்று இக்குழு பரந்த கேட்போருக்குக் காட்டியது. 1977இல் இந்தத் தொகுப்புக்குச் சிறந்த அறையிசை நிகழ்த்தலுக்கான கிராமி விருது கிடைத்தது. அப்போது மன்ரோ உயிரோடு இல்லை.

மூன்றாவது, 1976இல் ஆர்கிவ் நிறுவனம் வெளியிட்ட 'மியூசிக் ஆஃப் தி காதிக் எரா'. பாரிஸ் நோட்ர்டாம் பேராலயத்தில் லெயோனான், பெரோட்டான் ஆகியோர் இயற்றிய இசையிலிருந்து தொடங்குகிறது. பெரோட்டானின் நான்கு குரல் இசையில் ஒரு பழைய மெட்டின் ஒரே சுரம் நெடுநேரம் நீண்டு நிற்க, அதன் மேல் மூன்று குரல்கள் ஒன்றையொன்று உரசிச் சுழல்கின்றன. சுருதிப்பெட்டியின் மேல் பாடும் நம் கேட்போருக்கு இந்த நீண்ட சுரம் அந்நியமாக இருக்காது. இத்தொகுப்பில் குரல்களே முன்னிற்கின்றன. கருவிகளின் கண்காட்சி குறைந்திருக்கிறது. பால் எலியட், ரோஜர்ஸ் கவி-கிரம்ப் ஆகிய பாடகர்கள் இதில் இருந்தார்கள். இருவரும் ஹில்லியர்டு குழுவின் வரலாற்றிலும் இடம் பெற்றவர்கள். மன்ரோ எந்தத் திசையில் போய்க்கொண்டிருந்தார் என்பதற்கு இதுவே சான்று. நேரம் மட்டும் அவருக்குக் கிடைக்கவில்லை.

வீடுகளுக்குள் போன இசை

குழுவின் புகழுக்கு இசைத்தட்டுகள் மட்டும் காரணமல்ல. எட்டாம் ஹென்றியின் ஆறு மனைவியர் பற்றி பிபிசி 1970இல் ஒளிபரப்பிய தொடருக்கும், 1971இல் வந்த 'எலிசபெத் ஆர்' தொடருக்கும் இசையமைத்தவர் மன்ரோ. அரங்குக்குப் போகாத குடும்பங்கள் தம் வீட்டு அறையில் கிரம்ஹார்னைக் கேட்டன. கென் ரசலின் 'தி டெவில்ஸ்' போன்ற திரைப்படங்களுக்கும் அவர் இசை தந்தார்.

இவற்றைவிட முக்கியமானது பிபிசி மூன்றாம் வானொலியில் 1971 முதல் 1976 வரை வந்த 'பைட் பைப்பர்'. இளையோருக்கான நிகழ்ச்சி. வாரத்துக்கு நான்கு நாள், ஒவ்வொன்றும் இருபது நிமிடம். மொத்தம் 655 நிகழ்ச்சிகள். எழுதியவரும் பேசியவரும் மன்ரோ ஒருவரே. முற்கால இசை மட்டுமல்ல, பல நாடுகளின் இசை, தற்கால இசை, எதுவும் அதில் இடம்பெறும். ஆசிரியராக இருப்பவர்கள் இந்த எண்ணின் கனத்தை உணர்வார்கள். வாரம் நான்கு பாடக்குறிப்பு, அதற்கு மேல் கச்சேரிப் பயணம், ஒலிப்பதிவு, பல்கலைக்கழக வகுப்பு, நூல் எழுதும் பணி. 1976இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகம் வெளியிட்ட அவருடைய கருவிகள் பற்றிய நூலும், அதனோடு வந்த ஒலித்தட்டுகளும், அக்கருவிகளைக் கற்போருக்கு நெடுங்காலம் தொடக்க நூலாக இருந்தன.

அந்த ஆண்டு மே 15 அன்று மன்ரோ தம் உயிரை மாய்த்துக்கொண்டார். வயது 33. தந்தையையும் மாமனாரையும் அண்மையில் இழந்திருந்தார். கருவிகள் பற்றிய அந்த நூலை அவர்கள் இருவருக்குமே காணிக்கை ஆக்கியிருந்தார். அவருடைய மனநிலையை இசையில் தேடுவது சிலருக்கு வழக்கமாகிவிட்டது. அதற்கு இசையில் எந்தச் சான்றும் இல்லை. அத்தகைய எழுத்துகளைப் படிக்கும் மாணவர்கள் விலகி நிற்பது நல்லது.

குரலா, கருவியா?

இனி விமர்சனத்தின் மையத்துக்கு வரலாம். 14, 15ஆம் நூற்றாண்டுப் பாடல்கள் பெரும்பாலும் மூன்று வரிகள் கொண்டவை. சுவடிகளில் மேல் வரிக்குக் கீழே மட்டும் பாட்டின் சொற்கள் எழுதப்பட்டிருக்கும். மற்ற இரு வரிகளுக்கும் தொடக்கச் சொல் மட்டும் இருக்கும், அல்லது அதுவும் இராது. சொல் இல்லாத வரியைப் பாட முடியாது, ஆகவே அது கருவிக்கு உரியது என்று 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மன் அறிஞர் ஹ்யூகோ ரீமன் முதலியோர் முடிவு செய்தார்கள். இந்த முடிவு பாடநூலுக்குள் போயிற்று. பாடநூலிலிருந்து மேடைக்கு வந்தது. மன்ரோவின் குழு மஷோவைப் பாடும்போது போமன் மேல் வரியைப் பாட, கீழ் வரிகளை வயோலோ லூட்டோ குழலோ வாசித்தது இதனால்தான். அது மன்ரோவின் கண்டுபிடிப்பு அல்ல. அவர் காலத்து அறிஞர் உலகின் பொதுக்கருத்து.

1977இல், மன்ரோ இறந்த மறு ஆண்டு, கிறிஸ்டஃபர் பேஜ் 'ஏர்லி மியூசிக்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார். மஷோவின் வழிவந்த கவிஞர் தெஷாம் 1392இல் எழுதிய நூலை எடுத்துக்கொண்டு, அக்காலப் பாடல்கள் கருவி இல்லாமல் குரல்களாலேயே பாடப்பட்டிருக்கலாம் என்று வாதிட்டார். சொல் இல்லாத வரியை ஓர் உயிரெழுத்தை நீட்டிப் பாடலாமே! (ஆலாபனையை 'அ'காரத்திலேயே பாடும் நமக்கு இது ஒரு கண்டுபிடிப்பாகவே தோன்றாது.) 1980இல் பேஜ் காதிக் வாய்சஸ் என்ற குழுவைத் தொடங்கி, குரல்களை மட்டும் வைத்து இந்தப் பாடல்களைப் பதிவு செய்தார். பேராலய இசையிலும் இதே போக்கு. டூஃபே பணியாற்றிய கம்ப்ரே பேராலயத்தின் ஆவணங்களை ஆராய்ந்து கிரெய்க் ரைட் 1978இல் எழுதிய கட்டுரை, அங்கே ஆர்கன்கூட இல்லை, இசை குரலாலேயே நடந்தது என்று காட்டியது. மன்ரோவோ டூஃபேயின் 'ஸ லா ஃபாஸ் ஏ பால்' மாஸ் இசையைக் குரல்களோடு கருவிகளையும் சேர்த்துப் பதிவு செய்திருந்தார்.

ஆக, பத்து ஆண்டுகளுக்குள் குழுவின் பல பதிவுகள் 'தவறானவை' ஆகிவிட்டன. அப்படித்தான் 1980களின் விமர்சகர் சிலர் எழுதினார்கள். வண்ணமயம், பொழுதுபோக்கு, கருவிக் கண்காட்சி என்ற சொற்கள் இகழ்ச்சியாகப் பயன்பட்டன.

இந்த இகழ்ச்சியில் ஒரு பகுதி நியாயமானது. ஒவ்வொரு சரணத்துக்கும் கருவியை மாற்றும் பழக்கம் நீண்ட பாடல்களின் கவிதை ஓட்டத்தைத் துண்டாக்குகிறது. காதலின் ஒரே உணர்வை மூன்று சரணங்களில் சிறிது சிறிதாக நகர்த்தும் மஷோவின் பாடலுக்கு அது பொருந்துவதில்லை. கேட்பவர் கவிதையை விட்டு 'அடுத்து எந்தக் கருவி?' என்று காத்திருக்கத் தொடங்குகிறார். வேகமும் சில இடங்களில் தேவைக்கு மிஞ்சியது. நடனத்தின் வேகத்தைத் தீர்மானிப்பது ஆடுபவரின் கால் என்பதை மறந்து, ஊதுபவரின் விரல் தீர்மானிப்பதுபோல் ஒலிக்கும் பதிவுகள் உண்டு. மைக்கேல் மாரோவின் குழுவில் இருந்த கரடுமுரடான அந்நியத்தன்மை இங்கே இல்லை. எல்லாம் பளபளப்பாகத் துடைக்கப்பட்டிருக்கிறது. 14ஆம் நூற்றாண்டு நமக்கு இவ்வளவு எளிதில் நட்பாகிவிடக் கூடாது என்று ஒருவர் சொன்னால் அதை மறுக்க இயலாது.

ஆனால் இகழ்ச்சியின் மறுபகுதி அநியாயம். முதலாவது, 'குரல் மட்டும்' என்ற முடிவும் ஓர் ஊகமே. டேனியல் லீச்-வில்கின்சன் 2002இல் எழுதிய 'தி மாடர்ன் இன்வென்ஷன் ஆஃப் மெடீவல் மியூசிக்' என்ற நூல் இதை விரிவாக எடுத்துக் காட்டுகிறது. கருவிக் கொள்கை எப்படிச் சில அறிஞர்களின் விருப்பத்திலிருந்தும் அக்காலச் சூழலிலிருந்தும் உருவானதோ, அப்படியே குரல் கொள்கையும் பயிற்சி பெற்ற ஆங்கிலப் பாடகர்கள் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்த ஒரு சூழலில் வெற்றி பெற்றது. ஆதாரம் முழுதாக இரு பக்கமும் இல்லை. கேட்டவர்களுக்கு எது அழகாக இருந்தது என்பது இரு முடிவுகளிலும் பங்கு வகித்தது.

இரண்டாவது, மன்ரோ இல்லாமல் பேஜ் இல்லை. தவறு என்று நிறுவப்படுவதற்குக்கூட ஒரு கருத்து முதலில் ஒலியாக வேண்டும். காகிதத்தில் இருந்தவரை ரீமனின் கருத்து யாரையும் உறுத்தவில்லை. நன்றாகச் சுருதி சேர்ந்து, நல்ல குரலோடு, உலகம் முழுதும் விற்ற தட்டில் அது ஒலித்தபோதுதான், 'இந்தக் கீழ் வரி வயோலுக்கு எழுதப்பட்டதுபோல் இருக்கிறதா?' என்று காதால் கேட்டு ஐயுற முடிந்தது. மோசமாக வாசிக்கப்பட்டிருந்தால் குற்றம் வாசித்தவர் மேல் போயிருக்கும், கொள்கை தப்பியிருக்கும்.

மூன்றாவது, மறுமலர்ச்சிக் கால நடன இசை, கருவியிசை ஆகியவற்றைப் பொறுத்தவரை இந்த விமர்சனம் குழுவைத் தொடவே இல்லை. பிரிட்டோரியஸின் 1612ஆம் ஆண்டுத் தொகுப்பான 'டெர்ப்சிகோரி'யில் முந்நூறுக்கு மேற்பட்ட நடனங்கள் உள்ளன. கருவியை மாற்றி மாற்றி வாசிக்க அந்த இசை இடம் தருகிறது. அதிலிருந்து மன்ரோ செய்த தேர்வு இன்றும் முந்தப்படவில்லை என்றே சொல்லலாம். பிறகு வந்த பதிவுகளில் இன்னும் துல்லியமான கருவிகள் உண்டு, இன்னும் கவனமான சுருதி அமைப்பு உண்டு. அந்த மகிழ்ச்சி இல்லை.

பிரிந்து சென்றவர்கள்

ஹாக்வுட் 1973இலேயே அகாடமி ஆஃப் ஏன்ஷியன்ட் மியூசிக் என்ற தம் குழுவைத் தொடங்கியிருந்தார். அவர் சென்றது பரோக், செவ்வியல் காலங்களை நோக்கி. மோட்சார்ட்டின் சிம்பொனிகளை அக்காலக் கருவிகளில் முழுத் தொகுதியாகப் பதிவு செய்தார். கருவியின் பெயர், எண்ணிக்கை, வாசிப்பு முறை எல்லாம் எழுதி வைக்கப்பட்டிருந்த காலம் அது. டைலர் லண்டன் ஏர்லி மியூசிக் குரூப்பை நடத்தினார். போமன் ஹாண்டலின் ஓபராக்களில் புகழ்பெற்றார். இடைக்கால இசையில் மன்ரோவின் வழியை அப்படியே தொடர்ந்தவர் என்று இவர்களில் யாரையும் காட்ட முடியாது. ஒரு குழு ஒருவரின் ஆற்றலை மட்டும் நம்பியிருந்தால் நேர்வது இது.

1977 ஆகஸ்டு, செப்டம்பரில் விண்ணில் ஏவப்பட்ட வாயேஜர் கலங்கள் இரண்டிலும் வைக்கப்பட்ட பொன்முலாம் பூசிய தட்டில், அந்தோனி ஹோல்பர்ன் 1599இல் வெளியிட்ட 'தி ஃபேரி ரவுண்டு' என்ற சிறு நடனம் உள்ளது. வாசித்தவர்கள் மன்ரோவும் அவர் குழுவினரும். ஒரு நிமிடம் 17 நொடி. அதே தட்டில்தான் கேசர்பாய் கேர்க்கரின் பைரவியும் இருக்கிறது. ஹோல்பர்னின் நூல் வயோல், வயலின் அல்லது ஊதுகருவிகள் எதிலும் வாசிக்கலாம் என்று முகப்பிலேயே அனுமதி தருகிறது. ஆகவே இந்த ஒரு நிமிடத்தில் ரெக்கார்டர்கள் ஒலிப்பதை எந்த ஆய்வாளரும் குறை சொல்ல முடியாது.

கேட்கத் தொடங்குவோருக்கு

குழுவின் பதிவுகளில் பல குறுந்தகடுகளாகவும் பின்னர் இணைய வழியிலும் மறுபடி கிடைக்கின்றன. புதிதாகக் கேட்பவர் சுசாட்டோ, பிரிட்டோரியஸ் நடனங்களில் தொடங்கலாம். அவற்றுக்கு முன்னறிவு தேவையில்லை. அடுத்து மார்லி. பிறகு 'மியூசிக் ஆஃப் தி காதிக் எரா'வின் முதல் பகுதியை, இடையில் நிறுத்தாமல், காதொலிக்கருவி வைத்துக் கேட்க வேண்டும். 'தி ஆர்ட் ஆஃப் கோர்ட்லி லவ்' தொகுப்பைக் கடைசியாக வைத்துக்கொள்வது நல்லது. அதில் உள்ள ஒரு மஷோ பாடலைக் கேட்டுவிட்டு, உடனே காதிக் வாய்சஸ் போன்ற குரல்குழு ஒன்று பாடிய மஷோவையும் கேட்டால், மேலே சொன்ன வழக்கில் எந்தப் பக்கம் சாய்வது என்பதை மாணவர் தம் காதாலேயே முடிவு செய்துகொள்ளலாம். இரண்டாம் முறை கேட்கும்போது முடிவு மாறினாலும் தவறில்லை.